பத்தைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் இருப்பது பற்றி

சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் கேட்டது இது: “அலுவலகத்தில் மூன்று பேர், நாற்பத்துச் சொச்சம் பார்ட்டிகள். காலை நாலரைக்கு எழுந்து சமையல், பிள்ளைகள், பஸ், அலுவலகம், திரும்பி வந்து மறுபடி சமையல். இரவு படுக்கும்போது ஒரு வேலையையாவது முடித்தோம் என்ற நினைப்பு இல்லை. குறைவாகச் செய்தால் அதிகம் முடியும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். அது நிஜமா, இல்லை வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் பேசுகிற பேச்சா?”

பாதி நிஜம். மீதிப் பாதி நீங்கள் சந்தேகப்படுவதுதான்.

இதில் நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். குடியாத்தத்தில் வீடு, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 24 வருஷம் வேலை. ரிஜிஸ்டர் எழுதுகிற கிளார்க்காகச் சேர்ந்தேன், பிளானிங் பொறுப்பில் இருந்துவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு இரண்டு ஊரும் வேலூர் மாவட்டம். 2019-ல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. என் மாமியாருக்கு மட்டும் எல்லாமே இன்னும் வட ஆர்க்காடுதான்.

எங்கள் வேலை ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுப்பது. அப்பர் என்போம். தோலை வெட்டுவது, ஓரத்தை மெலிதாகச் சீவுவது, மடிப்பது, ஒட்டுவது, தைப்பது என்று ஒவ்வொரு ஜோடியும் பல கை மாறும். வெட்டின துண்டுகளைக் கட்டுக் கட்டாக டிரேயில் போட்டு லைனில் ஏற்றுவார்கள். எந்த ஸ்டைல் எப்போது ஏற வேண்டும் என்று சொல்வது என் வேலை.

ஒரு வருஷம் ஆறு ஸ்டைல் ஆர்டர் ஒன்றாக வந்து நின்றது. வாங்குகிற கம்பெனிகளும் ஆறு. ஆறு பேரின் ஆட்களும் தினமும் போன் செய்து, “எங்க ஆர்டர் லைன்ல ஏறிடுச்சா?” என்று கேட்பார்கள். “ஏறிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் போன் அடங்கிவிடும். அந்த ஒரு சுகத்துக்காக ஆறையும் ஏற்றினேன். பத்து நாளில் லைனில் நடக்க வழியில்லை. மெஷினுக்குக் கீழே டிரே, ஜன்னல் ஓரம் டிரே, சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழியிலும் டிரே. ஒரு கட்டில் வலது காலுக்கு எல்லாம் இருக்கும், இடது காலுக்கு நாக்குத் துண்டு இருக்காது. அதைத் தேட ஒரு பெண் எழுந்து போவாள். அவள் மெஷின் சும்மா நிற்கும். எல்லாரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள், நானும் ஓடினேன், சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் முடிந்த ஜோடி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஆறும் தாமதம். இரண்டு ஆர்டரைக் கப்பலில் அனுப்ப நேரமில்லாமல் விமானத்தில் அனுப்பினார்கள். அந்தச் செலவு கம்பெனி தலையில். நான் வாங்கின பேச்சு தனி.

எங்கள் சூப்பர்வைசர் ஒருவர், ஹெல்ப்பராகச் சேர்ந்து மேலே வந்தவர், அடுத்த சீசனில் என்னிடம் வந்து, “கட்டிங்கை ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லும்மா” என்றார். கட்டிங்கை நிறுத்தினால் முதலாளி என்னை நிறுத்திவிடுவார் என்றேன். அவர் விடவில்லை. வெட்டுகிற ஆட்களை அந்த இரண்டு நாளும் தோல் தரம் பிரிக்கவும், தோல் வெட்டுகிற அச்சுகளை எடுத்துச் சுத்தம் செய்யவும் அனுப்பினார். லைனுக்குள் கிடந்தது தானாக வடிந்தது.

கணக்கு இதுதான். லைன் ஒரு நாளைக்கு முடிப்பது சுமார் 400 ஜோடி. உள்ளே கிடந்தது 2,800. புதிதாக இன்று ஏறுகிற கட்டு வெளியே வர 7 நாள் ஆகும். உள்ளே கிடப்பதை 1,000-க்குக் குறைத்தோம். அதே 400 முடிக்கிற லைனில் இப்போது இரண்டரை நாளில் வெளியே வந்தது. ஒருவரும் கூடுதல் வேகத்தில் தைக்கவில்லை. அப்புறம் இன்னொன்று. ஓரம் சீவுவதில் தவறு நடந்தால், தையலுக்கு வந்த பிறகுதான் தெரியும். முன்பு தெரிய வரும்போது ஒரு வாரச் சரக்கு வீணாகியிருக்கும், இப்போது இரண்டு நாள் சரக்கோடு போயிற்று.

இது எங்கள் சூப்பர்வைசர் கண்டுபிடித்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் சொன்னார்கள்: அமெரிக்காவில் ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961-லேயே இதைக் கணிதமாக நிரூபித்திருக்கிறார். உள்ளே கிடக்கிற வேலையை, ஒரு நாளில் முடிகிற வேலையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்று வந்துவிடும். பேங்க் வரிசை, ஆஸ்பத்திரி ஓ.பி., ஷூ லைன், எதுவானாலும் பொருந்தும்.

உங்கள் மேஜைக்கும் பொருந்தும். நாற்பத்துச் சொச்சம் பார்ட்டியில், இந்த நிமிஷம் நீங்கள் கை வைத்து, முடிக்காமல் விட்டிருக்கிற ஃபைல் எத்தனை? எண்ணிப் பாருங்கள். பதினைந்துக்குக் கீழே இருந்தால் ஆச்சரியப்படுவேன். ஒன்றில் பர்ச்சேஸ் பில் வரவில்லை, ஒன்றில் பேங்க் ஸ்டேட்மென்ட் வரவில்லை, ஒன்றைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு பார்ட்டி நேரில் வந்துவிட்டார். குறைவாகச் செய்யச் சொல்வதில் எனக்கு ஒப்புதலான பாதி இதுதான். மாதத்தில் செய்கிற வேலையின் எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும், ஒரே நேரத்தில் திறந்து கிடப்பதைக் குறையுங்கள்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. மூன்று ஃபைல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் வேலை. வரிசையாக முடித்தால் முதலாவது 3-ம் நாள், இரண்டாவது 6-ம் நாள், மூன்றாவது 9-ம் நாள் முடியும். மூன்று பேரையும் திருப்திப்படுத்த ஒவ்வொன்றிலும் ஒரு நாள் ஒரு நாளாக மாற்றி மாற்றிச் செய்தால் 7, 8, 9-ம் நாட்களில் முடியும். மூன்றாவது பார்ட்டிக்கு இரண்டிலும் ஒரே நாள்தான், மற்ற இருவரும் காரணமில்லாமல் காத்திருந்தார்கள். அதுவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் நேரமே போகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நிஜத்தில் போகும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் மனசில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புதியதைச் செய்கிற தரம் குறையும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் சோதனை செய்து எழுதியிருக்கிறார். டேலி ஆகாத ஒரு லெட்ஜரை விட்டுவிட்டு எழுந்து வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் மேஜையில் மூன்று ஃபைல். நான்காவதை எடுக்க வேண்டுமானால் ஒன்று முடிந்து அலமாரிக்குப் போக வேண்டும். பார்ட்டியிடமிருந்து ஏதாவது வர வேண்டியிருந்தால் அந்த ஃபைல் உங்கள் மேஜையில் இருக்கக்கூடாது, ‘வரவேண்டியது’ என்று தனி அடுக்கில் போய்விட வேண்டும். அந்த அடுக்கை தினம் ஒரே ஒரு தடவை, காலை பதினொன்றுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் ஒன்றாகப் போன் போட்டுக் கேட்டுவிட்டு மூடிவிடுங்கள். நாள் முழுக்க ஒவ்வொன்றாக நினைவு வந்து கேட்பதில்தான் நம் பகல் கரைகிறது. முதல் வாரம் இது பயங்கரமாக இருக்கும். எடுக்காத ஃபைல்கள் அலமாரியிலிருந்து உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். எனக்கும் கட்டிங்கை நிறுத்தின அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

உங்கள் தொழிலில் நான் ஆளில்லை. ஆனால் தம்பிக்கு இங்கே லுங்கி வியாபாரம், அவனுடைய ஆடிட்டர் புண்ணியத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. 14-ம் தேதி 2பி, அதாவது வாங்கின பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியல், வந்த பிறகுதான் இன்புட் கிரெடிட் (வாங்கினதில் கட்டின வரியைக் கழித்துக்கொள்வது) நிலவரம் முழுசாகத் தெரியும். அதற்கு முன்னால் பில்லை வைத்து ஒரு தடவை, 14-க்குப் பிறகு மறுபடி ஒரு தடவை என்று இரண்டு தடவை பொருத்திப் பார்க்கிற அலுவலகங்கள் உண்டு. முன்கூட்டியே செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி, அவ்வளவுதான் அதன் பலன். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 என்கிற விற்பனை ரிட்டர்ன் கழிந்ததும், 14 வரை இன்புட்டைத் தொடாமல் வேறு வேலையை முடிக்கலாம்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. வருஷ விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற முறைக்கு மாறலாம், 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. வரியை மட்டும் அந்த மூன்றில் முதல் இரண்டு மாதமும் செலானில் கட்ட வேண்டும். மளிகை, ஜவுளி, பாத்திரக்கடை என்று நேரே ஜனங்களுக்கு விற்கிற பார்ட்டிகளில் எத்தனை பேர் இன்னும் மாதாமாதம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்குகிறவர் மாதாமாதம் கிரெடிட் கேட்கிற மொத்த வியாபாரிக்கு இது அவ்வளவு வசதிப்படாது, பில்லை நடுவிலும் ஏற்றவேண்டி வரும். சில்லறைக் கடைக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு பார்ட்டிக்கு வருஷத்துக்கு 12 தடவை செய்வது 4 தடவையாகிறது. நீங்கள் எவ்வளவு வேகமாக டைப் அடித்தாலும் இந்தக் குறைவு வராது. முடிவு உங்கள் முதலாளியுடையது, ஆனால் பட்டியல் எடுத்து மேஜையில் வைக்கிற வேலை உங்களுடையதாக இருக்கலாம். ஃபீஸ் குறையுமே என்று யோசிப்பார், அதையும் எதிர்பாருங்கள்.

இருக்கிற ஒன்றை எடுத்துவிடுவது என்பது நமக்கு இயல்பாக வருவதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் நேச்சர் இதழில் ஒன்று எழுதினார்கள். லெகோ கட்டைகளால் கட்டின ஒரு அமைப்பைக் கொடுத்து அதைச் சரி செய்யச் சொன்னார்கள். ஒரு கட்டையை எடுத்தாலே வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு கூடுதல் கட்டைக்கும் காசு பிடிப்போம் என்று சொல்லியும், நிறையப் பேர் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எடுக்கலாம் என்று ஞாபகப்படுத்தின பிறகு எடுத்தவர்கள் கூடினார்கள். எங்கள் கம்பெனியில் தினமும் பதினோரு பேருக்கு உற்பத்தி அறிக்கை போகும். தயாரிக்க எனக்கு முக்கால் மணி நேரம். ஒரு நாள் காய்ச்சலில் விடுப்பு எடுத்தேன், அறிக்கை போகவில்லை, யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தும் அனுப்பாமல் இருந்து பார்த்தேன். ஒரு வாரத்தில் இரண்டு பேர்தான் கேட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் நாலு வரி போதுமாக இருந்தது. மீதி ஒன்பது பேருக்காக எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. உங்கள் அலுவலகத்தில் டேலி சாஃப்ட்வேரிலும் எக்செல்லிலும் நோட்டிலும் ஒரே விஷயத்தை மூன்று தடவை ஏற்றுகிற வழக்கம் நிச்சயம் ஏதாவது ஒன்று இருக்கும். (சட்டப்படி வைக்க வேண்டியதில் இந்த விளையாட்டு வேண்டாம். காய்ச்சல் வந்தாலும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு 20-ம் தேதி 20-ம் தேதிதான்.)

நேரத்தை முழுக்க நிரப்புவது பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கிரீன் சர்க்கிளைத் தாண்டித்தானே தினமும் போகிறீர்கள்? காலை ஆறு மணிக்கு அங்கே ஒரு ஆட்டோ நடுவில் நின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது, ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு அதே ஆட்டோ நின்றால் அந்தப் பக்கமே ஸ்தம்பிக்கும். ரோடும் அதுதான், ஆட்டோவும் அதுதான், இடைவெளி மட்டும் இல்லை. இதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு கவுன்ட்டர் ஜன்னல், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகிற நேரமும் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் உள்ளவர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், வருகிறவர் சராசரியாக நாலு பேருக்கு ஆகிற நேரம் காத்திருப்பார். 90 சதவீதமானால் ஒன்பது பேருக்கு ஆகிற நேரம். 95 ஆனால் பத்தொன்பது. அந்த ஐந்து சதவீதத்தை நிரப்பப் போய் வரிசை இரட்டிப்புக்கு மேல் நீளுகிறது.

எனக்கு இதைப் புரியவைத்தது எங்கள் ஊர் கெங்கையம்மன். வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழா. அந்த வாரம் குடியாத்தம் பக்கத்துப் பெண்கள் வேலைக்கு வரமாட்டார்கள், வரவும் கூடாது. லைன் பாதி காலி. முதல் சில வருஷம் வராதவர்களைத் திட்டிக்கொண்டே, நிரம்பி வழிகிற பிளானைப் போட்டு வைத்திருந்தேன். பிறகு மே மாதப் பிளானிலேயே அந்த வாரத்தைப் பாதியாக எழுதினேன். கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குக் கீழே மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் கை ஓடாது, அதையும் குறைத்தே எழுதினேன். குறைத்து எழுதின மே மாதங்களில்தான் ஷிப்மென்ட் தேதி தவறாமல் போனது. உங்களுக்கும் வரி கட்ட, ரிட்டர்ன் போட 7, 11, 20 என்று கடைசித் தேதிகள் இருக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்குத் தேதி கிடையாது. எட்டு மணி நேரத்தில் ஆறரை மணி நேரத்துக்கு மட்டும் வேலை எழுதுங்கள், மீதி தானாக நிரம்பிக்கொள்ளும், கவலையே வேண்டாம்.

வேலை நேரத்தை நீட்டுவது பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஜீஸ் லென்ஸ் கம்பெனியில் எர்ன்ஸ்ட் ஆபே 1900-ல் ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். உற்பத்தி குறையவில்லை, கொஞ்சம் கூடியது. முதல் உலகப்போரில் பிரிட்டனில் குண்டு செய்த தொழிற்சாலைகளின் கணக்கை ஜான் பென்கவெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2014-ல் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் வேலை செய்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்தது 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே வாரம் 48 மணி நேரம் என்றது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கிற திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தார்கள். அந்தப் பத்து நாளும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. எங்கள் ஓ.டி. நோட்டை வைத்துச் சொல்கிறேன்: ராத்திரி எட்டரை வரை தைத்ததைப் பிரித்துத் தைக்கிற வேலைதான் மறுநாள் காலையில் முதல் வேலை.

சரி, வீட்டுக்கு வருவோம். நீங்கள் சந்தேகப்பட்ட பாதி இங்கேதான் இருக்கிறது.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இது அன்றைக்கு வீட்டுவேலை செய்தவர்களை மட்டும் வைத்து எடுத்த சராசரி. துடைப்பத்தையே தொடாத ஆண்கள் அந்த 88-ல் சேர்த்தியில்லை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரம் தனிக் கணக்கு, அதிலும் பெண்களுக்கு 137, ஆண்களுக்கு 75. இந்த நிலைமையில் ஒரு பெண்ணிடம் குறைவாகச் செய் என்றால், குறைத்தது யார் கைக்குப் போகிறது என்று கேட்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அடியோடு விட்டுவிடுகிற வேலை ஒரு வகை, கை மாறுகிற வேலை வேறு வகை. கை மாறுவதிலும், மாற வேண்டிய கைக்கு மாறுவது நியாயம்தான்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வேலை நாட்களில் குழம்பு, பொரியல், ரசம் மூன்றும் வேண்டாம், ரசத்தை விட்டுவிடலாம் என்று ஒரு முடிவு எடுத்தேன். இருபது நிமிஷம் மிச்சம், சந்தோஷமாக பஸ் பிடித்தேன். ஒரு மாதம் கழித்து, விடுப்பு நாளில் வீட்டில் இருந்தபோது பார்க்கிறேன், நான் கிளம்புகிற நேரம் தாண்டி மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, தனக்கு ஒரு சின்னச் சட்டியில் ரசம் வைக்கிறார். ஒரு மாதமாக வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ‘குறைத்த’ இருபது நிமிஷம் அவருக்கு அரை மணி நேரமாக ஆகியிருந்தது. கேட்டுவிட்டு விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கேட்ட பிறகு வேறு மாதிரி ஆயிற்று. ரசம்தான் வேண்டும், பொரியல் தினமும் வேண்டாம் என்றார். பொரியல் போயிற்று. இரவில் மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சப்பாத்தி, தோசை, சாதம் என்று நடந்துகொண்டிருந்தது, அதில் யாருமே பிடிவாதமாக இல்லை, நான்தான் பழக்கத்தில் செய்துகொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு இரவு கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல் என்று மாறினோம். மாமியாருக்கு முகம் மலர்ந்தது, பிள்ளைகள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். துணி மடிப்பது என் வீட்டுக்காரருக்குப் போயிற்று. அவர் மடிப்பது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. திருத்தி மடித்தால் அந்த வேலை மறுபடி என்னிடம் வந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். யூனிஃபார்ம் தவிர எதற்கும் இஸ்திரி கிடையாது. தண்ணி விடுற நாளில் மாவு அரைக்கிற வேலை வைத்துக்கொள்வதில்லை, அந்த நாளுக்கு டிரம் நிரப்புவதே போதும்.

வேலை நடக்கிற விதத்திலும் லைன் கணக்கு வீட்டுக்கு உதவும். ஒரு அடுப்பில் பால், ஒரு அடுப்பில் தாளிப்பு, நடுவில் பிள்ளைக்குத் தலைசீவல், அதற்குள் வாஷிங் மெஷின் கூப்பிடுகிறது. நாலும் திறந்து கிடக்கிறது, பால் பொங்கிவிடுகிறது, அடுப்பைத் துடைப்பது ஐந்தாவது வேலை. துணியைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். தலைசீவல் தாளிப்புக்கு முன்னால் முடியட்டும். நீங்கள் நாலரைக்கு எழுவதற்கு நான் காலை வேலையின் அளவை மட்டும் காரணமாகச் சொல்லமாட்டேன், எல்லாவற்றையும் காலையில் ஏற்றுவதும் காரணம். ஆறையும் லைனில் ஏற்றின அதே புத்திதான். எனக்கு அது வீட்டில் போக இன்னும் பத்து வருஷம் ஆனது.

இதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்கான பேச்சு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவிலேயே பீடி சுற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கும்போதும், விருந்தாளியோடு பேசும்போதும் விரல் நிற்காது. அவர்களிடம் போய், திறந்து கிடப்பதைக் குறை, 80 சதவீதத்துக்கு வேலை எழுது என்று நான் சொல்லமாட்டேன். குறைத்தால் அன்றைக்குச் சாயங்காலமே கூலியில் தெரியும். அவர்களுக்கு வேண்டியது கூலி உயர்வு. உங்கள் சம்பளம் மாதச் சம்பளமாக இருப்பதால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாக வந்தது.

கடைசியாக உங்கள் முதலாளி. புதிதாக ஒரு அவசர வேலை கொடுக்கும்போது “முடியாது சார்” என்று சொல்ல நம்மால் ஆகாது, சொல்லவும் வேண்டாம். “செஞ்சிடுறேன் சார், இந்த மூணுல எதை நாளைக்குத் தள்ளட்டும்?” என்று மேஜையில் இருப்பதைக் காட்டிக் கேளுங்கள். மேஜையில் மூன்று இருந்தால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். பதினைந்து இருந்தால் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவசரம் பதினாறாவதாகப் போய்ச் சேரும். சிலர் “எல்லாமே வேணும்” என்பார்கள். எங்கள் முதலாளியும் அதைத்தான் சொன்னார். அப்போது, “சரி சார், முதல்ல எது?” என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஒன்றைக் காட்டினார்.

இந்த மாதம் 20-ம் தேதி கழிந்ததும் தொடங்குங்கள், நடுவில் வேண்டாம். 21-ம் தேதி காலையில் திறந்து கிடக்கிற ஃபைல்களை எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எண்ணுங்கள். வீட்டில் மட்டும், எதை விடுவதாக இருந்தாலும் முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.